பேசாத இருவர் தூக்கிய நாற்காலி

நான் பிறந்து வளர்ந்தது பொதட்டூர்பேட்டையில், தறி ஓடும் வீட்டில். காலையில் தறியைப் போட்டால் கரண்ட் போகும்வரை நிற்காது. அந்தச் சத்தத்தில் உப்பு கேட்பதற்கும் கத்த வேண்டும், பிள்ளையைக் கொஞ்சுவதற்கும் கத்த வேண்டும். எங்கள் வீட்டுச் சண்டை தெருவுக்கே கேட்கும், சமாதானமும் தெருவுக்கே கேட்கும். காலையில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவர்கள் மதியம் ஒரே தட்டில் வறுவல் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் மனுஷ லட்சணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த பிறகுதான் வேறு மாதிரியும் மனிதர்கள் உண்டு என்று தெரிந்தது.

புகுந்த வீடு மலையடிவாரத்தில், ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதியில் மாமனார், மாமியார், நான், என் வீட்டுக்காரர். மறு பாதியில் மாமனாரின் தம்பி. மாமனார் எனக்கு மாமா, இவர் சின்ன மாமா. மனைவி தவறிவிட்டார், ஒரே மகளும் கல்யாணமாகி நகரிப் பக்கம் போய்விட்டாள், தனியாகத்தான் இருந்தார். பின்கட்டு மட்டும் பொது. போர் மோட்டார், தண்ணீர்த் தொட்டி, குளியலறை, துணி காயப்போடும் கொடி எல்லாம் இரண்டு வீட்டுக்கும் சேர்ந்துதான். மாமனார் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன மாமா அடிவாரத்தில் தேங்காய், கற்பூரம், மாலை விற்கும் கடை வைத்திருந்தார்.

வந்த மறுநாள் காலை பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மாமா மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். சின்ன மாமா தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தொட்டி ரொம்பிட்ச்சி. மோட்டார நிறுத்தச் சொல்லும்மா."

மாமா கைநீட்டினால் சுவிட்ச். காது நன்றாகக் கேட்கிறவர். ஆனால் அசையவில்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டு துலக்குகிறார். தண்ணீர் வழிய ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் புரியாமல், மாமா, மோட்டாரை நிறுத்த வேண்டுமாம் என்றேன். உடனே நிறுத்தினார். பிறகு என்னிடம், நிறுத்தியாகிவிட்டது என்று சொல்லிவிடு என்றார். நான் திரும்பி சின்ன மாமாவிடம் அதையும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

உள்ளே போய் அத்தையிடம் கேட்டேன். என் மாமியாரைத்தான் சொல்கிறேன், எங்களுக்கு மாமியார் அத்தைதான். அண்ணனும் தம்பியும் பல வருஷமாகப் பேசுவதில்லை என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். நடுவில் ஆள் வேண்டும். இத்தனை நாள் அவள் நடுவில் நின்றாள், இனி நான் நிற்க வேண்டும். "எனக்கு வாய் வலிக்குது. இனிமே நீ பாத்துக்கோ" என்று சாவிக்கொத்தை ஒப்படைப்பதுபோல ஒப்படைத்தாள்.

சண்டைக்குக் காரணம் சொத்தாக இருக்கும், நிலமாக இருக்கும் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. ஒரு ஆடிக் கிருத்திகை. இரண்டு பேரும் சேர்ந்து காவடி எடுப்பது வழக்கம். சின்ன மாமா குளித்துவிட்டு வருகிறேன் என்று சரவணப் பொய்கைக்குப் போனார். கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் தாண்டிவிடும் என்று மாமா தன் காவடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஈர வேட்டியோடு தம்பி வந்து பார்த்தால் வாசல் காலி. அவ்வளவுதான் கதை. பெரியவர் கணக்கில் தம்பி காக்க வைத்தான். சின்னவர் கணக்கில் அண்ணன் விட்டுவிட்டுப் போனான். கிருத்திகைக் கூட்டத்தில் யார் யாரைக் காக்க வைக்கவில்லை, யார் யாரை விட்டுவிட்டுப் போகவில்லை? இதற்குப் போயா என்று அத்தையிடம் கேட்டேன். "நீயே போய்க் கேளேன்" என்றாள்.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அஞ்சல்காரி வேலை பார்க்கவா எனக்குத் தாலி கட்டினார்கள்? ஒருவர் சொன்னது மற்றவர் காதில் தெளிவாக விழுந்திருக்கும். ஆனாலும் என் வாய் வழியாக வந்தால்தான் அது சொன்னதாக அர்த்தம். ஒருநாள் நானும் அத்தையும் மார்க்கெட் போய்விட்டுத் திரும்பினால் பின்கட்டெல்லாம் தண்ணீர். தொட்டி வழிகிறது. இரண்டு பெரிய மனுஷர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்ல ஆள் இல்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் யாரும் நிறுத்தவில்லை. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

நாள் போகப் போக வேறு சிலதும் கண்ணில் பட்டது. அந்தக் குளியலறை வாசலில் இவர்கள் இருவரில் ஒருவர்கூடக் காத்து நின்று நான் பார்த்ததில்லை. ஒருவர் வெளியே வந்து கொடியில் துண்டைப் போடும்போது மற்றவர் வாளியோடு எழுந்திருப்பார். மாமா பேப்பர் படித்து முடித்ததும் மடித்துத் திண்ணையின் நடுவே இருக்கும் குட்டைச் சுவர்மேல் வைப்பார், சற்று நேரத்தில் அது இருக்காது. மாமாவுக்குக் காய்ச்சல் என்றால் அதே சுவர்மேல் சீவிய இளநீர் இருக்கும். சின்ன மாமா கடை சாத்திவிட்டு வரும்வரை எங்கள் வாசல் விளக்கை அணைக்க விடமாட்டார் மாமா. அவருக்காக என்று ஒருநாளும் சொன்னதில்லை, கரண்ட் பில்லைப் பற்றி நான் முணுமுணுத்தால் காது கேட்காத மாதிரி இருப்பார். என் கல்யாணப் பந்தியில் கடைசி இலைவரை நின்று பரிமாறியவர் சின்ன மாமாதான் என்று போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் எனக்குள் ஒரு மலைப்பு வர ஆரம்பித்தது. தினமும் பேசிக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டியால் இவ்வளவு ஒழுங்காகக் குடித்தனம் நடத்த முடியாது. யோசித்துப் பார்த்தால் அந்தச் சண்டையே இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றிவந்த ஒன்று. ஒருவர் சோர்ந்து போய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் உடைந்திருக்கும். இரண்டு பேரும் விடவில்லை. விரோதத்திலும் ஒருவரை ஒருவர் இப்படி நம்ப முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் உண்டாகியிருந்த வருஷம் ஆடிக் கிருத்திகை வந்தது. எனக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. ஆடியில் விசேஷம் வேண்டாம் என்று வளைகாப்பை ஆவணிக்குத் தள்ளியிருந்தார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கிருத்திகை அன்று எங்கள் ஊர் எங்களுடையதாக இருக்காது. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். எந்தச் சந்தில் பார்த்தாலும் மஞ்சள் வேட்டி, பூக்காவடி, பம்பைச் சத்தம். தெலுங்கும் தமிழும் கலந்து அரோகரா போடும். வீட்டு வாசற்படியில் கால் வைத்தால் கூட்டமே இழுத்துக்கொண்டு போய்விடும்.

காவடி எடுப்பதை மட்டும் சகோதரர்கள் இருவருமே விடவில்லை. ஒரே நல்ல நேரத்தில் இரண்டு வாசலிலிருந்தும் இரண்டு காவடி கிளம்பும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முன்னும் பின்னுமாக மலை ஏறுவார்கள். எங்கள் வீட்டில் தோளில் ஏற்றிய காவடியை மலைமேல்தான் இறக்க வேண்டும், நடுவில் இறக்கும் பழக்கம் கிடையாது.

அன்று காலை இரண்டு பேர் தோளிலும் காவடி ஏறிவிட்டது. வாசலில் நின்று மாமாவுக்கு ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கால் வழியாக வெந்நீர் ஊற்றினாற்போல இருந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது. தட்டு கையிலிருந்து விழுந்தது, நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ராத்திரி வேலை முடிந்து அரக்கோணத்தில் ரயிலுக்காக நிற்கிறார். அத்தை ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள். இந்தக் கூட்டத்தில் சந்துக்குள் வர வழியே இல்லை, மெயின் ரோட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறோம், எப்படியாவது அங்கே கொண்டுவாருங்கள் என்றார்கள். எனக்கு நடக்க முடியவில்லை. பிள்ளை இங்கேயே, இந்தப் படியிலேயே பிறந்து மூச்சு விடாமல் போய்விடுமோ என்ற ஒரே பயம்தான் எனக்கு.

பக்கத்து வாசலில் காவடியோடு நின்ற சின்ன மாமா என்னைப் பார்த்தார். இந்த வாசலில் காவடியோடு நின்ற மாமாவும் என்னைப் பார்த்தார். யார் முதலில் என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தோளிலிருந்து காவடியை எடுத்தார்கள். கீழே வைக்க மனம் வராமல் கையில் பிடித்துக்கொண்டு திகைத்தார்கள். சந்தில் போய்க்கொண்டிருந்த ஆந்திராக் கூட்டம் ஒன்றிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து, நாங்கள் மேலே கொண்டுபோய்ச் செலுத்திவிடுகிறோம் என்று தெலுங்கில் சொல்லி இரண்டையும் வாங்கித் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். யார், எந்த ஊர் என்று கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் இரண்டு காவடியையும் அவரவர் வாசலில் சாத்தி வைத்திருந்தார்களாம், ஒவ்வொன்றிலும் ஒரு விபூதிப் பொட்டலம் கட்டியிருந்ததாம். எந்தக் காவடி எந்த வாசலுடையது என்றுகூட நினைவு வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மாமாவின் கைவைத்த மர நாற்காலியைக் கொண்டுவந்து என்னை உட்கார வைத்தார்கள். விழாமல் இருக்க அத்தை தன் பழைய புடவையால் என் மார்போடு சேர்த்துக் கட்டினாள். பிறகு வழி ஒதுக்குகிறேன் என்று பையோடு முன்னால் ஓடிவிட்டாள். சின்ன மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னங்கால்களைப் பிடித்தார். மாமா பின்னால் முதுகுச் சட்டத்தைப் பிடித்தார். நடுவில் நான்.

"ரெடியான்னு கேளும்மா" என்றார் முன்னால் இருந்தவர்.

வலி இடுப்பைப் பிழிகிறது. மாமா, ரெடியா என்று கேட்கிறார் என்றேன். "ஆங், ரெடின்னு சொல்லு" என்றார் பின்னால் இருந்தவர். ரெடியாம் என்றேன். நாற்காலி எழும்பியது.

நாலு அடி போவதற்குள், கல் கிடக்கிறது, பார்த்துக் கால் வைக்கச் சொல் என்றார் சின்ன மாமா. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் உடனே சொல்ல முடியவில்லை. நான் சொல்லும்வரை பின்னால் கால் எழவில்லை. நாற்காலி அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் கூட்டம் இடிக்கிறது. சொன்னேன், நகர்ந்தது. மெதுவாகப் போகச் சொல் என்றார் மாமா. சொன்னேன். சாக்கடை மூடி வருகிறது என்றார் சின்ன மாமா. அதைச் சொல்ல வாயைத் திறக்கும்போது அடுத்த வலி வந்தது. அது போனதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை இன்று நினைத்தாலும் உடம்பு சூடாகிறது.

"நான் இனிமே ஒரு வார்த்த சொல்லமாட்டேன்" என்றேன். "உங்க சண்டைய என் வயித்து மேல வெச்சிக்கினு தூக்காதீங்க. முடியலன்னா இங்கியே எறக்கி வெச்சிட்டு போங்க, நானே பெத்துக்கறேன்."

இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். சுற்றிலும் பம்பை அதிர்கிறது. எனக்கு முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு மூச்சு. மாமா பேசுவார் என்று நினைத்தேன், பேசவில்லை. சின்ன மாமா திரும்புவார் என்று நினைத்தேன், திரும்பவில்லை. இவ்வளவு கல்நெஞ்சா என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போது முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வேல் வேல்."

பிறகு என் தலைக்குப் பின்னாலிருந்து மாமா குரல், "வெற்றிவேல்."

நாற்காலி நகர்ந்தது. வேல் வேல் என்றால் முன்னால் இருப்பவர் ஒரு அடி, வெற்றிவேல் என்றால் பின்னால் இருப்பவர் ஒரு அடி. முருகனைக் கூப்பிடுவதை யாரும் பேச்சென்று சொல்ல முடியாது அல்லவா. மேடு வந்தால் சின்ன மாமா 'வேல்' என்பதை நீட்டிச் சொன்னார், மாமா காலைத் தூக்கி வைத்தார். பள்ளம் வந்தால் குரல் தாழ்ந்தது, பின்னால் பிடி இறங்கியது. வளைவில் மாமாவின் குரல் அவசரப்பட்டது, முன்னால் நடை குறைந்தது. இப்படிப் போவோம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எதையெல்லாம் இப்படிச் சேர்ந்து தூக்கினார்களோ, எனக்குத் தெரியாது. ஒருவர் உடம்பு மற்றவர் உடம்பை அவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தது. வலிக்கு நடுவிலும் எனக்குப் புல்லரித்தது. கண்ணை மூடினால் ஒரே ஆள் என்னைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது.

சந்து முடிந்து பெரிய தெரு வந்தது. அங்கே ஆள்மேல் ஆள். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு ஊர்க்காரர்கள் யார் முதலில் காவடியை நிறுத்துவது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இதற்குள் எப்படிப் போவது? முன்னால் எங்கோ அத்தை கத்துவது கேட்டது. அதை ஒருவர் வாங்கி அடுத்தவருக்குச் சொன்னார். புள்ளத்தாச்சி வருது, வழி வுடுங்க. அது எங்களுக்கு முன்னால் ஓடியது. கொஞ்ச தூரத்தில் அதுவே தெலுங்காகி ஜரகண்டி, ஜரகண்டி என்று போனது. காவடிகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் திரும்பின. சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அதே கையைக் கோத்துக் கூட்டத்தைப் பின்னால் தள்ளினார்கள். பம்பை நின்றது. நாங்கள் போகப் போக எங்கள் முன்னால் நாற்காலி அளவுக்கு மட்டும் தெரு திறந்தது, எங்கள் பின்னால் மூடியது. வேல் வேல் என்று சின்ன மாமா சொன்னால், வெற்றிவேல் என்று மாமாவோடு தெருவே சொன்னது. போலீஸ்காரர் ஒருவர் தடுப்பைத் தானே தூக்கித் தள்ளி வைத்தார். முகம் தெரியாத ஒரு அம்மா என் நெற்றியில் ஈரத் துணியை ஒற்றிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துபோனாள். இத்தனை பேரும் எங்கிருந்தோ வந்தவர்கள், ஒருவரை ஒருவர் இடித்துத் திட்டிக்கொண்டிருந்தவர்கள். என் பிள்ளைக்காக ஒரே மனசாக ஒதுங்கி நின்றார்கள். அன்றைக்கு நான் அழுதது வலியால் மட்டும் அல்ல.

ஆம்புலன்ஸ் பக்கத்தில் நாற்காலியை இறக்கினார்கள். நான்கு காலும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் பெண் பிறந்தாள். மிகவும் சின்னவள். அழ நேரம் எடுத்துக்கொண்டாள், அந்த நேரம் நான் மூச்சே விடவில்லை. எடை தேறும்வரை சூடு காட்டும் பெட்டியில் வைத்திருந்தார்கள். நானும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

வெளியில் வராந்தாவில் அண்ணனும் தம்பியும் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். நாற்காலியை இறக்கியபின் ஒரு பேச்சும் இல்லையாம். எனக்கு அது கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை. பல வருஷமாக இரண்டு பேரும் கட்டிக்காத்ததை ஒரே காலையில் போட்டு உடைத்துவிடுவார்களா என்ன?

பிறகு ஒருநாள் பிள்ளையை என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். பார்வையாளர் நேரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். மாமா கட்டிலுக்கு இந்தப் பக்கம், சின்ன மாமா அந்தப் பக்கம். அத்தை பிள்ளையைத் துணியோடு எடுத்து மாமாவின் கையில் வைத்தாள். மாமா மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் பேத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பக்கம் சின்ன மாமா கழுவிய கையை வேட்டியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை, ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை.

மாமா அதைப் பார்த்துவிட்டார். கட்டிலுக்கு மேலாகப் பிள்ளையை மெதுவாக நீட்டினார். சின்ன மாமா இரண்டு கையையும் நீட்டினார். வாங்கிக்கொள்ளச் சொல் என்பதுபோல மாமாவின் கண் என்னிடம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை நெளிந்தாள். துணி நழுவியது, நிற்காத அந்தக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"தலைய புடிடா" என்றார் மாமா, தம்பியின் முகத்தைப் பார்த்து.

"புடிச்சிட்டேண்ணா."

பிடித்துக்கொண்ட பிறகும் மாமா கையை எடுக்கவில்லை. பிள்ளையின் தலைக்கு அடியில் இரண்டு பேர் கையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை.